கியர் கவர் மாட்டிய கை

பெரியவளே, சின்னவனே, போன ஞாயிற்றுக்கிழமை சென்னீர்குப்பத்தில் அந்தக் கடைக்காரரைப் பார்த்து நான் கத்தியது உங்களுக்கு அவமானமாகப் போய்விட்டது என்று எனக்குத் தெரியும். வீடு வந்து காரிலிருந்து இறங்கும்போது பெரியவள் மட்டும் கேட்டாள்: "அவர் விளையாட்டுக்குத்தானே செஞ்சாரு, அதுக்கு எதுக்குப்பா அப்படி?" எனக்கு வாயால் சொல்ல வரவில்லை. எழுதித் தருகிறேன். பத்தாவதோடு படிப்பை விட்டவன் எழுத்து இது. பொறுமையாகப் படியுங்கள்.

அந்த மனுஷர் மேல் தப்பு இல்லை. நம் பழைய காரில் கியர் கவர் மடிப்பு மடிப்பாக வெடித்து உள்ளே இருக்கும் துணி தெரிந்தது. ஹேண்ட்பிரேக் கவர் தையல் விட்டு வாயைப் பிளந்து கிடந்தது. ரெண்டையும் கழற்றிவிட்டுப் புதுத் தோலில் சுத்தமாகப் போட்டுக் கொடுத்தார். அதோடு விட்டிருக்கலாம். பழைய கியர் கவரைத் தன் கையில் மாட்டிக்கொண்டு, மேல் ஓட்டை வழியாக ஒரு விரலை ஆட்டி, "வணக்கம் தம்பி, நான்தான் கியர் பேசறேன். உங்கப்பா என்னை இன்னா பாடு படுத்தினாரு தெரியுமா?" என்று சின்னவனுக்குப் பொம்மலாட்டம் காட்டினார். சின்னவன் சிரித்தான். நான், "கழட்டுயா அதை! மொதல்ல கையிலேருந்து கழட்டு!" என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். அவர் முகம் செத்துப்போயிற்று. அவரிடம் ஒரு நாள் போய் டீ வாங்கிக் கொடுத்துப் பேசிக்கொள்கிறேன். அது என் பாடு. காரணத்தை மட்டும் நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள்.

நான் பிறவியில் இடது கைக்காரன். நீங்கள் பார்க்கிறீர்கள், என் சுத்தியல் இடது கையில், ஸ்பானர் இடது கையில், ஆனால் சோறு வலது கையில், பேனா வலது கையில். "எங்கப்பாக்கு ரெண்டு கையும் வரும்" என்று பெரியவள் சிநேகிதிகளிடம் பெருமையாகச் சொல்வாள். அதில் பெருமை ஒன்றும் இல்லை. எங்கள் பக்கம் இடது கைக்குப் பீச்சாங்கை என்று பெயர். சாப்பிடுகிற கை சோத்தாங்கை. பெயர் வைக்கும்போதே எது நல்ல கை, எது கெட்ட கை என்று முடிவு செய்துவிட்டார்கள். யாரும் என்னைக் கேட்கவில்லை.

அப்பா, அதாவது உங்கள் தாத்தா, அப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி அதிகாரிக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை பேன்ட், சட்டைப்பையில் ஒரு சீப்பு. நாங்கள் கொரட்டூரில் ஒரு வரிசை வீட்டில் குடியிருந்தோம். ஏரிப் பக்கமிருந்து காற்று வந்தால் சாயங்காலம் நன்றாக இருக்கும், கொசு வந்தால் நன்றாக இருக்காது. அப்போது ஓடிய பல கார்களில் கியர் ஸ்டியரிங் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த அதிகாரி காரில் மட்டும் தரையிலிருந்து முளைத்து நிற்கும். அதன் அடியில் கறுப்புத் தோலில் பாவாடை மாதிரி ஒரு கவர். அப்பா தினம் அதைத் துடைத்து, வாரம் ஒரு தடவை தேங்காய் எண்ணெய் தொட்டுத் தடவுவார். நாங்கள் தலைக்கு வைத்தது போக மீதி எண்ணெய் கியருக்கு என்று அம்மா சொல்லிக் காட்டுவாள்.

நான் நாலாவது முடித்த முழுப் பரீட்சை லீவில் அது நடந்தது. காரைக் கழுவ அப்பா அதிகாரி வீட்டுக்குப் போனபோது நானும் போயிருந்தேன். "சாவியை அம்மாகிட்ட குடுத்துட்டு வாடா" என்று அனுப்பினார். கொடுத்தேன். எந்தக் கையால் என்று யோசிக்கவே இல்லை. வந்த கையால் கொடுத்தேன். அதிகாரியின் மனைவி நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். சாவி தரையில் விழுந்தது. அந்த அம்மா கோபப்படக்கூட இல்லை. "டிரைவர், பையனுக்கு எதுவும் சொல்லித் தர்றதில்லையா?" என்று மட்டும் கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா செருப்பைக் கழற்றாமலே ஆரம்பித்தார். "அந்தம்மா மூஞ்சி போன போக்கைப் பாத்தியா? வெள்ளிக்கிழமை வேற. பீச்சாங்கையை நீட்டிகினு போய் நிக்கிறான். நான் அங்க சோறு துன்றவன்டா!"

அம்மா அடுப்பைப் பார்த்தபடி சொன்னாள்: "இன்னா இப்போ? கைதானே. வெட்டியா போட முடியும்?"

"வெட்ட வேணாம். கட்டிப் போடலாம் இல்ல?"

கோபத்தில் சொன்ன வார்த்தை என்றுதான் அம்மாவும் நினைத்தாள், நானும் நினைத்தேன்.

அந்த வாரமே கியர் கவரையும் ஹேண்ட்பிரேக் கவரையும் மாற்ற அதிகாரி சொல்லிவிட்டார். பூந்தமல்லியில் பஸ் நிற்கிற இடத்தைத் தாண்டி ஒரு சந்தில், சீட் கவர் தைக்கிற பாய் ஒருத்தர் கடை வைத்திருந்தார். அப்பா என்னையும் காரில் முன் சீட்டில் உட்கார வைத்துக் கூட்டிப் போனார். அதுவே எனக்குத் திருவிழா. கடையில் தோல் வாசனையும் பசை வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறும். பாய் குமிழைத் திருகிக் கழற்றினார், பழைய கவரை உருவினார், பிளேடால் தையலைப் பிரித்தார். பாவாடை மாதிரி இருந்தது நாலு துண்டாகப் பிரிந்து மேஜையில் படுத்தது. ஈரத் துணி போட்டு அழுத்தி, அதைப் புதுத் தோல் மேல் வைத்துச் சாக்பீஸில் கோடு போட்டார். கோட்டின் மேல் வெட்டவில்லை. ஒரு விரல் தள்ளி வெட்டினார்.

"இன்னாத்துக்கு பாய் பெருசா வெட்றே?" என்று அப்பா கேட்டார்.

"டிரைவரே, கியர் போற எடத்துக்கெல்லாம் தோலு கூடப் போவணும். இழுத்துப் புடிச்சித் தச்சா, போட்ட கியரே உருவிக்கும். அப்புறம் நடு ரோட்டுல நின்னுகிட்டு என்னைத்தான் திட்டுவீங்க."

தைத்து மாட்டியதும், எல்லாக் கியரிலும் தோல் இழுக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. அவர் தரையோடு குனிந்து பார்க்க வேண்டும், யாராவது கியர் போட வேண்டும். அப்பா டீ குடிக்கக் கொஞ்சம் தள்ளிப் போயிருந்தார். "தம்பி, நீ ஏறு" என்றார். இஞ்சின் அணைந்திருந்தது. நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன், வாங்கிய திட்டு ஞாபகத்தில் வலது கையைக் குறுக்கே கொண்டுபோனேன். பாய் சிரித்தார். "அந்தக் கை ஸ்டியரிங்குக்கு. இதைப் பீச்சாங்கைலதான் போடணும்."

பிள்ளைகளே, அந்த நிமிஷம் எனக்கு எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. பர்ஸ்ட் என்றார், போட்டேன். செகண்டு என்றார், போட்டேன். ரிவர்ஸ் இறுக்கமாக இருந்தது, அதையும் போட்டேன். ஹேண்ட்பிரேக்கை இழு என்றார், கடகடவென்று உள்ளே இரும்புப் பல் விழுகிற சத்தம் உள்ளங்கையில் வந்தது. புதுத் தோல் வழுவழுவென்று என் விரலோடு வந்தது. ஒரு பெரிய மனுஷர், கடையில் வேலையாக இருக்கிறவர், இந்தக் கையால் செய் என்று என்னிடம் கேட்டுச் செய்ய வைத்தார். அதுவரை யாரும் கேட்டதில்லை.

அப்பா திரும்பி வந்து பழைய துண்டுகளை எடுத்துப் பார்த்தார். ஹேண்ட்பிரேக் கவரைப் பிரிக்கவில்லை, தையல் மட்டும் போட்டுத் தரச் சொன்னார். என் அக்காவுக்கு, அதாவது உங்கள் அத்தைக்கு, பென்சில் பை ஆகும். கியர் கவர் துண்டுகளைக் காட்டி, "இதையே கொஞ்சம் சின்னதா தச்சிக் குடு பாய். பையன் கை அளவுக்கு. மேல் வாயை மூடிடு, கீழ மணிக்கட்டுல கட்ற மாதிரி நாடா வை" என்றார்.

"விளையாடவா?"

"ஆமா, ஆமா."

எனக்கு சந்தோஷம் தாங்கவில்லை. பாக்ஸிங் போடுகிறவர்கள் மாட்டுகிற மாதிரி ஒன்று என்று நினைத்தேன். "எந்தக் கைக்கு தம்பி?" என்று பாய் டேப்பை எடுத்தார். நான்தான் இடது கையை நீட்டினேன். விரலை அகல விரித்து நீட்டினேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தைக்கும்போது அப்பா சொன்னார்: "தையல் வெளிய இருக்கட்டும் பாய். உள்ள இருந்தா உறுத்தும்." ரொம்ப வருஷம் கழித்து இதை உங்கள் அம்மாவிடம் சொன்னபோது, "பாசம் இருந்திருக்கு பாருங்க" என்றாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உறுத்தும் என்று தெரிந்துதானே மாட்டினார்?

மறுநாள் காலை பல் தேய்த்ததும் மாட்டிவிட்டார். நாடாவை ரெண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். "சோத்தாங்கை தானா வந்துரும். குளிக்க மட்டும் அவுத்து வுடு" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு டியூட்டிக்குப் போனார். கொரட்டூர் மே மாத வெயில். உள்ளே விரல்கள் வேர்வையில் ஊறி, வெளியே எடுத்தால் துவைத்த துணி மாதிரி வெளுத்துச் சுருங்கியிருக்கும். விரலிடுக்கில் வேர்க்குரு. அந்தத் தோலில் அப்பாவின் வாசனை இருந்தது. எண்ணெய், பெட்ரோல், அவர் போடுகிற பவுடர் எல்லாம் கலந்த வாசனை. ராத்திரி கன்னத்துக்கு அடியில் அந்தக் கையை வைத்துத் தூங்கும்போது அப்பா பக்கத்தில் படுத்த மாதிரியே இருக்கும். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

தெருப் பையன்கள் எனக்குக் கியரு என்று பெயர் வைத்தார்கள். தூரத்தில் பார்த்தாலே, "டேய் கியரு வர்றான்டா, பஸ்ட் போடு, பஸ்ட் போடு!" என்று ஓடி வந்து என் கையைப் பிடித்து மேலே தள்ளுவார்கள். செகண்டு என்று கீழே இழுப்பார்கள். ரிவர்ஸ் என்றால் நான் பின்னால் நடக்க வேண்டும். கொஞ்ச நாள் நடந்தேன். அப்புறம் ஒரு நாள், எதிர் வீட்டுப் பையன் ரிவர்ஸ் என்று இழுத்தபோது, தோல் மாட்டிய கையாலேயே அவன் மூக்கில் ஒன்று விட்டேன். "டாப் கியருடா இது!" என்றேன். ரத்தம் வந்தது. அவன் அம்மா சண்டைக்கு வந்தாள்.

"இன்னாம்மா, புள்ளையை வளக்கிறியா, ரவுடியை வளக்கிறியா?"

என் அம்மா விடவில்லை. "உன் புள்ள என் புள்ள கையை வண்டி மாதிரி ஓட்டிகினு இருந்தான். பிரேக் புடிச்சது தப்பா?" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். சாத்திவிட்டு உள்ளே வந்து, நாடாவை அவிழ்த்து, வேர்க்குருவுக்குப் பவுடர் போட்டாள். அன்றைக்குப் பகல் முழுக்க மாட்டவில்லை. அப்பா வருகிற நேரத்துக்கு மாட்டினாள். அவளால் முடிந்தது அவ்வளவுதான். அதை நான் குறை சொல்லவில்லை.

பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில், அதிகாரி வீட்டிலிருந்து பழைய பாடப் புத்தகங்கள் தருவதாகச் சொன்னார்கள். அப்பாவுக்கு அது நல்ல நேரமாகப் பட்டது. "அவன் இப்ப மாறிட்டான்மா" என்று அந்த அம்மாவிடம் ஏற்கெனவே சொல்லியும் வைத்திருந்தார். என் அம்மா சுட்ட முறுக்கை ஒரு டப்பாவில் போட்டு என்னிடம் கொடுத்தாள். அப்பா சைக்கிள் பாரில் என்னை உட்கார வைத்து அழைத்துப்போனார். கேட்டுக்கு வெளியே நிறுத்தி, நாடாவை அவிழ்த்துக் கவரை உருவித் தன் பைக்குள் வைத்தார். "சோத்தாங்கைல குடுக்கணும். ஞாபகம் வச்சிக்கோ. என் மானத்தை வாங்கிடாதே" என்றார். என் சட்டைக் காலரைச் சரி செய்தார்.

வாசலில் அதிகாரியின் மனைவி நின்றார். பின்னால் ஹாலில் அதிகாரி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கார் வாசலிலேயே நின்றது. கண்ணாடி வழியாகப் புதுக் கியர் கவர் தெரிந்தது. டப்பா என் வலது கையில்தான் இருந்தது. அப்படியே நீட்டினால் முடிந்தது. எல்லாருக்கும் நல்லது.

நான் டப்பாவை இடது கைக்கு மாற்றினேன். இதை நன்றாகத் தெரிந்துகொள்ளுங்கள். மறந்துபோய் நீட்டவில்லை, பழக்கத்தில் வரவில்லை. மாற்றி நீட்டினேன்.

அந்த அம்மா வாங்கவில்லை. "கீழ வச்சிடு" என்றார். பிறகு அப்பாவைப் பார்த்து, "மாறிட்டான்னு சொன்னீங்களே டிரைவர்?" என்றார்.

அப்பா வாயைத் திறக்கும் முன் நான் சொன்னேன்: "மாறல. எங்கப்பா பீச்சாங்கைலதான் கியர் போடறாரு, பிரேக் புடிக்கிறாரு. அந்தக் கார்ல மட்டும் ஏறி ஒக்காந்துகினு போறீங்க?"

உள்ளே பேப்பர் கீழே இறங்கியது. அவ்வளவுதான். யாரும் அதட்டவில்லை. புத்தகம் மட்டும் வரவில்லை. டப்பாவை அப்பா எடுத்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது ஏரிக்கரைப் பக்கம் சைக்கிளை நிறுத்தினார். இறங்கச் சொன்னார்.

"உன்னால என் சோறு போவும்டா. தெரியுமா உனக்கு?"

"போவட்டும்."

அறைந்தார். காதுக்குள் விசில் அடித்தது. "எப்பவும் அந்தக் கையைத்தான் நீட்டுவியா?" என்றார்.

"ஆமா."

சைக்கிளை ஸ்டாண்டிலிருந்து இறக்கினார். பிறகு, "ஏறு" என்றார். வீடு வந்ததும் பையிலிருந்த கவரை எடுத்து அடுப்படிப் பக்கம் வீசினார். அதற்குப் பிறகு அதை எனக்கு மாட்டவில்லை. மனசு மாறியா, அலுத்துப்போயா, எனக்குத் தெரியாது. அம்மா மறுநாளே அதைப் பிரித்துத் துண்டாக்கி, அடுப்பிலிருந்து சட்டி இறக்க வைத்துக்கொண்டாள். வெகு காலம் கரி பிடித்து எங்கள் வீட்டில் கிடந்தது.

அப்பா வேலையை இழக்கவில்லை. ஆனால் அதிகாரி காருக்கு வேறு டிரைவர் வந்தார். அப்பாவைச் சாமான் ஏற்றுகிற வேனுக்குப் போட்டார்கள். வெள்ளைச் சட்டை போய்க் காக்கி வந்தது. அந்த வேனில் கியருக்குக் கவரே கிடையாது. தரையில் ஒரு ஓட்டை, அதில் இரும்புக் கம்பி. மழைக் காலத்தில் அந்த ஓட்டை வழியாகச் சேறு தெறிக்கும், வெயில் காலத்தில் இஞ்சின் சூடு நேராக இடது காலுக்கு வரும். கெண்டைக்கால் கறுத்து, தோல் வறண்டு உரியும். ராத்திரியில் உட்கார்ந்து எண்ணெய் தடவிக்கொள்வார். "நீ ஒரு கையை நீட்டினே, அப்பா கால் வெந்துது" என்று உங்கள் அத்தை இன்றைக்கும் பொங்கலுக்கு வந்தால் சொல்லாமல் போக மாட்டாள்.

அந்தக் காலைப் பார்த்து நான் வருத்தப்பட்டிருக்கிறேன். நானே எண்ணெய் தடவியும் விட்டிருக்கிறேன். ஆனால் காலைச் சுட்டது ஓட்டை வேன், ஓட்டை வேனைக் கொடுத்தது ஒரு குழந்தை கேட்ட கேள்விக்குப் பதில் இல்லாத பெரிய மனுஷர்கள். அந்தக் கணக்கை என் தலையில் எழுத நான் விட்டதில்லை. இன்றைக்கு என்னை அந்த வாசலில் கொண்டுபோய் நிறுத்தினாலும் டப்பாவை மாற்றித்தான் நீட்டுவேன்.

ஜெயித்துவிட்டேன் என்று சொல்ல வரவில்லை. வீட்டில் விட்டார்கள், பள்ளிக்கூடத்தில் விடவில்லை. டீச்சர் ஸ்கேலால் விரல் முட்டியில் தட்டித் தட்டியே பேனாவை வலது கைக்கு மாற்றினார். என் எழுத்து நடக்கப் பழகாத பிள்ளை மாதிரி தடுமாறும். பதில் தெரியும், எழுதி முடிக்கும் முன் மணி அடித்துவிடும். பேப்பரை வாங்கிப் பார்த்து, மந்தம் என்றார்கள். எனக்கே அது உண்மை என்றுதான் தோன்றியது. திருமழிசையில் பிட்டர் வேலைக்குச் சேர்ந்து, இடது கையில் ஸ்பானர் பிடித்த பிறகுதான் இல்லை என்று தெரிந்தது.

பெரியவளே, உனக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ. நீ எழுதப் பழகின புதிதில், தாத்தா உன் இடது கையிலிருந்த பென்சிலை மெதுவாக எடுத்து வலது கையில் வைத்தார். நான் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து, "வுடு அவளை!" என்று கத்தினேன். குழம்பில் உப்பு அதிகம் என்று நான் கத்தியதாகத்தான் நீ வெகு நாள் சொல்லிக்கொண்டிருந்தாய். குழம்பு நன்றாகத்தான் இருந்தது. தாத்தா பென்சிலைத் தரையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். நீ அதை எடுத்தாய். எந்தக் கையால் எடுத்தாய் என்று நான் பார்த்தேன். அதோடு எனக்குப் போதும்.

ஏன் இடது கை என்று உன்னை யாராவது கேட்டால், என்னிடம் அனுப்பு. சின்னவனே, நீ வலது கைக்காரன். உன் பக்கத்தில் இப்படி ஒருத்தன் கையை யாராவது இழுத்தால், நீ சிரித்துக்கொண்டு நிற்காதே. அவ்வளவுதான் கேட்கிறேன்.

இதை எழுதி வைத்த பிறகு அமாவாசை வந்தது. நீங்கள் ரெண்டு பேரும் காலையிலேயே கிளம்பிவிட்டீர்கள். உங்கள் அம்மா தாத்தா படத்துக்குப் படைத்துவிட்டு, காக்கைக்கு வைக்க வாழையிலைத் துண்டில் சோறும் பருப்பும் வாழைக்காய்ப் பொரியலும் போட்டுக் கொடுத்தாள். தனியாக மொட்டை மாடிக்குப் போனேன். அப்பா போனதிலிருந்து இதை வலது கையாலேதான் செய்து வந்திருக்கிறேன். அவருக்கு என்பதால், யாரும் சொல்லாமலே. இலையைக் கைப்பிடிச் சுவர் மேல் விரித்தேன். இந்தத் தடவை சோற்றை இடது கையால் பிசைந்து, உருட்டி, அந்தக் கையாலேயே வைத்தேன். கா கா என்று கூப்பிட்டேன். தண்ணீர்த் தொட்டி மேல் ஒன்று உட்கார்ந்து கழுத்தைச் சாய்த்துப் பார்த்தது. உடனே வரவில்லை. இன்னொரு உருண்டையையும் அதே கையால் பக்கத்தில் வைத்துவிட்டுக் கீழே இறங்கினேன்.